அக்கா கருப்பு, தங்கை வெளுப்பு, லூபஸ் யாருக்கு? ஒரு நிகழ்வு ஆய்வு

கருப்பானவர்களுக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) அதிகம், வெள்ளையர்களுக்கு முதுகெலும்பு வாதம் அதிகம் என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பெண்கள், ஒருவர் பார்ப்பவர்கள் கருப்பு என்று சொல்லும் நிறம், இன்னொருவர் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலே கன்றிப்போகும் வெளுப்பு, இருவரும் சேர்ந்து எதிரில் வந்து உட்கார்ந்தால் அந்த மனப்பாடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த ஆய்வு அதைப் பற்றியது. (இது நிஜமான ஒரே குடும்பம் இல்லை. வாதநோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் காணக்கூடியதை ஒரு குடும்பமாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூர்வீகத்துக்கும் இந்த நோய்களுக்கும் தொடர்பு உண்டு, அதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் எந்த நோய், எந்தப் பூர்வீகம், எந்த மரபணு என்று குறிப்பாகக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும். தோலின் நிறம் நோயை உண்டாக்குகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. நிறத்தால் வரும் சேதமெல்லாம் பெரும்பாலும் நோய் வந்த பிறகு, பார்க்கிறவர் கண்ணிலும் அவர் எழுதும் சீட்டிலும் நடப்பது.

அக்காவின் கதை

வயது 31. அம்மாவின் பூர்வீகம் முழுக்க வட ஐரோப்பா. அப்பாவின் பக்கம் கரீபியத் தீவுகள். மேற்கு ஆப்பிரிக்க ரத்தமும் ஐரோப்பிய ரத்தமும் பல தலைமுறைகளாகக் கலந்த குடும்பம். எட்டு மாதமாகக் கைவிரல் மூட்டுகளில் வலி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் சரியாக மடங்குவதில்லை, சோர்வு, அவ்வப்போது லேசான காய்ச்சல். முதலில் பார்த்த இடத்தில் முடக்கு வாதத்துக்காகப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபாக்டர் லேசாகப் பாசிட்டிவ் என்று வந்ததும் ஆரம்பநிலை முடக்கு வாதம் என்று எழுதி வலி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். முடக்கு வாதத்தை இன்னும் உறுதியாகக் காட்டும் ஆன்டி-சிசிபி நெகட்டிவ் என்று வந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரு கன்னங்களிலும் இருந்த கருந்திட்டுக்கு மங்கு என்று பெயர் வைத்து நிறம் குறைக்கும் க்ரீம் கொடுத்தார்கள். வெள்ளணுக்கள் 3,100 என்று குறைந்திருந்தது, அதன் பக்கத்தில் 'இந்த இனத்தாருக்கு இயல்பு' என்று பேனாவில் ஒரு குறிப்பு. சிறுநீரை ஒருமுறைகூடப் பரிசோதிக்கவில்லை.

கவனித்துப் பார்த்தால் இதில் இரண்டு முடிவுகள் நேராகத் தோலைப் பார்த்து எடுக்கப்பட்டவை: திட்டு, வெள்ளணு. இரண்டுமே தப்பு.

திட்டை நேருக்கு நேர் பார்த்தால் மங்கு போலத்தான் இருக்கும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பச் சொல்லி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பு மேடு தட்டித் தெரிகிறது. விரலால் தடவினால் தடிப்பு. புறங்கையை வைத்துப் பார்த்தால் சுற்றியுள்ள தோலைவிடச் சூடு. மங்கு தடிக்காது, சூடாக இருக்காது. இதன் நிறம் புத்தகத்தில் போட்டிருக்கும் சிவப்பு இல்லை, கத்தரிப்பூ நிறம் கலந்த பழுப்பு. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை மட்டும் அது தொடாமல் விட்டிருந்தது. அப்புறம் காது. காதுமடலின் குழிக்குள் ஒரு சின்ன வட்டத் தழும்பு, நடுவில் வெளுத்து, சுற்றிலும் கருவளையம். தோலில் வட்டத் தழும்பு விடும் டிஸ்காய்டு லூபஸ் விரும்பி உட்காரும் இடம் அது. காதைத் திருப்பிப் பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது. மேலண்ணத்தில் வலியில்லாத ஒரு புண், அது இருப்பது அவருக்கே தெரியாது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ரத்த அழுத்தம் 148/94. சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டதற்கு, "ஆமா டாக்டர், சில மாசமாவே" என்றார். யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

பரிசோதனைகள் வேகமாகவே பதில் சொல்லிவிட்டன. செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ஏஎன்ஏ 1:1280. இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி அதிகம். லூபஸில் காணும் வேறு இரண்டு ஆன்டிபாடிகளான ஆன்டி-ஸ்மித், ஆன்டி-ரோ இரண்டும் பாசிட்டிவ். லூபஸ் கிளம்பும்போது செலவாகிவிடும் சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள் இரண்டும் குறைவு. சிறுநீரில் ஒரு கிராம் க்ரியாட்டினினுக்கு 2.3 கிராம் புரதம், கூடவே சிறுநீரக அழற்சியைக் காட்டும் சிவப்பணு உருளைகள். சிறுநீரக பயாப்ஸியில் நான்காம் வகை லூபஸ் நெஃப்ரைட்டிஸ் (லூபஸால் வரும் சிறுநீரக அழற்சி), அழற்சி தீவிரமாக, தழும்பு குறைவாக. 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் 10 புள்ளி வந்தாலே லூபஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த பயாப்ஸி ஒன்றுக்கே 10. இவருடைய மொத்தம் 30ஐத் தாண்டியது. மூட்டு வலி முடக்கு வாதத்தைப் போலவே இருந்தாலும் எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு எதுவும் இல்லை.

ஒரே க்ரியாட்டினின், இரண்டு முகம்

இந்த நோயாளியின் கோப்பில் எனக்கு மிகவும் உறுத்திய தாள் சிறுநீரக வடிகட்டும் திறன் பற்றியது. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான க்ரியாட்டினின் ரத்தத்தில் 1.2. பழைய அறிக்கையில் வடிகட்டும் திறன் 70 என்று போட்டிருந்தது. அதே எண்ணை இன்றைய சூத்திரத்தில் போட்டால் 62 வருகிறது. என்ன வித்தியாசம்? 2009-ல் வந்த சிகேடி-ஈபிஐ சூத்திரத்தில் நோயாளி கருப்பினத்தவர் என்று குறித்தால் விடையை 1.159ஆல் பெருக்கிவிடும். ஆய்வில் கலந்துகொண்ட கருப்பின மக்களிடம் ஒரே வடிகட்டும் திறனுக்கு க்ரியாட்டினின் சராசரியாகக் கூடுதலாக இருந்தது என்று பார்த்து, ஏன் என்று சரியாகப் புரிந்துகொள்ளாமலேயே, அந்தப் பெருக்கலைச் சேர்த்துவிட்டார்கள். 2021-ல் இனத்தை எடுத்துவிட்டுச் சூத்திரத்தைத் திருத்தி எழுதினார்கள், ஆனால் பழையது எல்லாக் கணினியிலிருந்தும் ஒரே நாளில் போய்விடவில்லை.

இந்த இடத்தில்தான் தங்கையை யோசித்துப் பாருங்கள். அதே அப்பா, அதே அம்மா. அதே வயதில் அதே 1.2 க்ரியாட்டினினோடு அவர் போயிருந்தால் முன்மேசையில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்க மாட்டார், சூத்திரம் 60 என்று சொல்லியிருக்கும். ஒரே வீட்டுப் பெண்கள், ஒரே ரத்த அளவு, ஆனால் நிறத்தால் 10 புள்ளி வித்தியாசம். 60 என்று பார்த்திருந்தால் யாராவது சிறுநீரைக் கேட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். 70 என்பது அந்த வயதில் நல்ல எண் ஒன்றும் இல்லைதான், ஆனால் அவசரத்தில் பார்க்கிறவரைச் சும்மா இருக்க வைக்கப் போதுமான எண்.

வெள்ளணு விஷயம் இன்னும் வேடிக்கை. மேற்கு ஆப்பிரிக்கப் பூர்வீகம் உள்ள நிறைய பேருக்கு வெள்ளணுவில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும், உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, இது உண்மை. காரணம் டஃபி மரபணுவின் ஒரு மாற்றம். விவாக்ஸ் மலேரியா அணுக்களுக்குள் நுழையாமல் தடுப்பதால் அந்தப் பகுதியில் அது பரவியது. ஆனால் அந்த எண்ணிக்கை குறைய, மாற்றம் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் வேண்டும். இவருடைய அம்மா வட ஐரோப்பியர், அங்கே அந்த மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். அப்படியிருக்க 'இனத்தாருக்கு இயல்பு' என்பது இவருக்கு எப்படிப் பொருந்தும்? அம்மாவின் ஊரைக் கேட்டிருந்தாலே போதும், அந்தக் குறிப்பை எழுதியிருக்க முடியாது. தவிர இவருக்குக் குறைந்திருந்தது நியூட்ரோஃபில் அல்ல, இன்னொரு வகை வெள்ளணுவான லிம்ஃபோசைட்: 700. அது லூபஸின் வழக்கமான வேலை.

ஏபிஓஎல்1 மரபணுவும் இதே ரகம். 2010-ல் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோய் ஒட்டுண்ணியை எதிர்க்க உதவிய ஜி1, ஜி2 என்ற இரண்டு மாற்றங்கள், இரண்டு பிரதிகளாகச் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும் ஆபத்தை ஏற்றுகின்றன. லூபஸ் நெஃப்ரைட்டிஸ் வந்தவர்கள் டயாலிசிஸ் வரை போவதில் இதற்குப் பங்கு உண்டு. அமெரிக்கக் கருப்பின மக்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. இந்த அக்காவுக்கு அதிகபட்சம் ஒன்றுதான் இருக்க முடியும், ஒன்று மட்டும் இருந்தால் ஆபத்து அந்த அளவுக்கு ஏறுவதில்லை. தோலை மட்டும் பார்த்தவர் இவரை அந்த 13 சதவீதத்தோடு சேர்த்து எண்ணியிருப்பார்.

தங்கையின் கேள்வி

அக்காவுக்கு நோய் உறுதியானதும் 28 வயதுத் தங்கை கூட வந்தார். அவர் கேட்டது: "அக்கா அப்பா மாதிரி கருப்பு, நான் அம்மா மாதிரி. அப்ப எனக்கு வராதுதானே டாக்டர்?"

வராது என்று சொல்ல முடியாது, காரணம் எளிமையானது. நிறத்தைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு வகிக்கும் எஸ்எல்சி24ஏ5, ஓசிஏ2 ஆகியவை 15ஆம் குரோமோசோமில், எம்சி1ஆர் 16ஆம் குரோமோசோமில், எஸ்எல்சி45ஏ2 5ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. லூபஸோடு நன்றாகத் தொடர்புபடும் எச்எல்ஏ பகுதி (எதிர்ப்பாற்றல் மரபணுக்களின் கூட்டம்) 6இல், ஸ்டாட்4 2இல், ஐஆர்எஃப்5 7இல். ஒரு குழந்தைக்கு 15ஆம் குரோமோசோமில் எந்தத் துண்டு வந்தது என்பதை வைத்து 6இல் எது வந்திருக்கும் என்று சொல்லவே முடியாது, இரண்டும் தனித்தனியாகக் குலுக்கப்படும் சீட்டுக்கட்டுகள். சகோதரிகள் இருவருக்கும் எச்எல்ஏ பகுதி முழுக்க ஒன்றாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி ஒத்துப்போக நான்கில் இரண்டு, கொஞ்சமும் ஒத்துப்போகாமல் இருக்க நான்கில் ஒன்று. தோல் எந்த நிறமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியென்றால் பெரிய கணக்கெடுப்புகளில் மட்டும் நிறமும் நோயும் ஏன் சேர்ந்தே தெரிகின்றன? அங்கே நிறம் பூர்வீகத்தின் அடையாளமாக வந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு ஊரில் கருப்பாக இருப்பவர்களில் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்கப் பூர்வீகம் என்றால், மேற்கு ஆப்பிரிக்க மரபணுக்களின் விளைவும், அந்த மக்கள் படும் வறுமையின் விளைவும், அவர்களுக்குத் தாமதமாகக் கிடைக்கும் மருத்துவத்தின் விளைவும் எல்லாம் 'கருப்பு' என்ற ஒரே கட்டத்தில் போய்க் கொட்டப்படும். குடும்பத்துக்குள் வந்து பார்த்தால் அந்தக் கட்டம் உடைந்துவிடும்.

இன்னொன்று, கருப்பு என்பது ஒரே பூர்வீகமும் இல்லை. 2017-ல் ஆப்பிரிக்க மக்களின் நிற மரபணுக்களை ஆராய்ந்தபோது, தோலைக் கருக்கவைக்கும் சில மாற்றங்கள் ஆப்பிரிக்கர்களிடமும் தென்னிந்தியர்களிடமும் மெலனேசியர்களிடமும் பொதுவாக இருப்பது தெரிந்தது. மற்ற மரபணுக்களில் இந்த மூன்று கூட்டமும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். ஏபிஓஎல்1 மாற்றம் தென்னிந்தியரிடமோ மெலனேசியரிடமோ கிடையாது. நிறம் ஒன்று, ஆபத்து வேறு.

தங்கை வேறொரு இடத்தில் தானாகவே ஏஎன்ஏ எடுத்துப் பார்த்திருந்தார், 1:160 பாசிட்டிவ், அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே சுமார் 5 சதவீதம் பேருக்கு அந்த அளவில் பாசிட்டிவ் வரும். அறிகுறி இல்லாத உறவினருக்கு இந்தப் பரிசோதனையை நான் எழுத மாட்டேன். கிடைப்பது பயம் மட்டும்தான். ஒரே கருவில் உருவான இரட்டையரிலேயே ஒருவருக்கு லூபஸ் வந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சாதாரணச் சகோதரிக்கு அதைவிட வெகு குறைவு, ஆனால் பொதுமக்களைவிடக் கூடுதல். அவருக்குச் சொன்னது: வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீர், மூட்டு வீங்கினால், முடி கொத்தாக உதிர்ந்தால், மூச்சிழுக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே வரவேண்டும்.

அவர் கன்னமும் சிவப்பாகத்தான் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ரோசேசியா, முகம் சிவக்கும் ஒரு தோல் நோய். சின்னச் சின்னச் சீழ்ப்பருக்களும் மெல்லிய ரத்தக்குழாய்க் கோடுகளும் இருந்தன. அக்காவுக்கு லூபஸ் இருக்கும்போது தங்கையின் வெளுத்த முகத்தில் சிவப்பு எளிதில் கண்ணில் படும், லூபஸ் என்று தப்பாக முத்திரை குத்துவதும் எளிது. கருத்த தோலில் இருக்கும் நோய் தெரியாமல் போகிறது, வெளுத்த தோலில் இல்லாத நோய் தெரிகிறது.

பூர்வீகம் எவ்வளவு தூரம் பேசுகிறது

லூபஸில் நன்றாகவே பேசுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன், ஜார்ஜியா பதிவேடுகள் 2014-ல் வெளிவந்தபோது கருப்பினப் பெண்களிடம் நோய் வெள்ளைப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று தெரிந்தது. தென்லண்டனில் 2001-ல் வந்த ஆய்வு முக்கியமானது. ஆப்பிரிக்காவிலேயே லூபஸ் அரிது, கடல் தாண்டிப் போனவர்களுக்குத்தான் வருகிறது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். அங்கே பார்த்தபோது ஐரோப்பியப் பெண்களில் லட்சத்துக்கு 35, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய பெண்களில் 110, கரீபியப் பூர்வீகப் பெண்களில் 177. ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்களிடமும் அதிகம்தான். ஊரில் அரிதாகத் தெரிந்ததற்கு, கண்டுபிடிக்க வசதி இல்லாததும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். 2003-ல் டிரினிடாடில், கலப்புப் பூர்வீக மக்களிடையே, ஒருவரின் மேற்கு ஆப்பிரிக்க மரபணுப் பங்கு கூடக்கூட லூபஸ் ஆபத்தும் கூடுவது தெரிந்தது, வசதி வாய்ப்பைக் கணக்கில் எடுத்த பிறகும். எல்லாமே வறுமையால்தான் என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்த ஆய்வைக் காட்டுவேன்.

எல்லாமே மரபணுதான் என்பவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 1994-ல் தொடங்கிய லூமினா ஆய்வு அலபாமா, டெக்சஸ், புவேர்ட்டோ ரிக்கோ நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்தது. டெக்சஸில் இருந்தவர்களுக்கும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கும் விண்ணப்பத்தில் ஹிஸ்பானிக் என்ற ஒரே முத்திரை. ஆனால் அமெரிக்கப் பழங்குடிப் பூர்வீகம் அதிகமுள்ள டெக்சஸ்காரர்களுக்கு நோய் கடுமையாக இருந்தது, புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு மென்மையாக. முத்திரைக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. கூடவே வறுமையும் காப்பீடின்மையும் நோயின் போக்கை மாற்றியதும் அதே ஆய்வில்தான் வந்தது.

லூபஸைத் தாண்டிப் போனால் படம் தலைகீழாகிறது. அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாதத்தோடு எச்எல்ஏ-பி27க்குத் தொடர்பு உண்டு என்று 1973-ல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். வட ஐரோப்பியரில் சுமார் 8 சதவீதம் பேருக்கு பி27 உண்டு, மேற்குக் கனடாவின் ஹைடா பழங்குடியினரில் 50 சதவீதம் வரை, ஜப்பானியரில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஹைடா மக்களும் ஜப்பானியரும் நிறத்தில் அவ்வளவு வேறுபட்டவர்கள் இல்லை. பி27இலேயே சார்டினியாவில் காணும் ஒரு வகையும் தென்கிழக்கு ஆசியாவில் காணும் ஒரு வகையும் நோயோடு சேர்வதில்லை. காம்பியாவின் ஃபுலா மக்களிடம் பி27 இருந்தும் 1990களில் தேடிப் பார்த்தபோது நோய் கிடைக்கவில்லை.

முடக்கு வாதத்தில் ஒரே பூட்டுக்குப் பல சாவிகள். எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவில் வட ஐரோப்பியருக்கு ஒரு வகை, கிழக்காசியருக்கு இன்னொரு வகை, அமெரிக்கப் பழங்குடியினருக்கு வேறொன்று; மூன்றும் புரதத்தில் ஒரே இடத்தைத்தான் மாற்றுகின்றன. பிடிபிஎன்22 மாற்றமோ ஐரோப்பியருக்கு முக்கியமானது, கிழக்காசியாவில் இல்லவே இல்லை எனலாம்.

எனக்குப் பிடித்த ஜோடி பெசெட் நோயும் (வாய்ப்புண், கண் அழற்சியோடு வருவது) கவாசாகி நோயும் (குழந்தைகளின் ரத்தக்குழாய் அழற்சி). இரண்டும் ஜப்பானில் அதிகம். ஹவாயில் வாழும் ஜப்பானியப் பூர்வீகக் குழந்தைகளுக்கு கவாசாகி ஜப்பானில் போலவே அதிகமாக வருகிறது. பெசெட்டோ அங்கே போனவர்களிடம் அரிதாகிவிட்டது. ஒரே மக்கள், ஒரே கடல் பயணம். ஒரு நோய் கூடவே கப்பலேறியது, இன்னொன்று கரையிலேயே நின்றுவிட்டது. பூர்வீகம் மட்டும் போதும் என்றோ சூழல் மட்டும் போதும் என்றோ சொல்பவர் இந்த இரண்டையும் ஒருசேர விளக்கட்டும்.

தலைப் பக்கத்து ரத்தக்குழாய்கள் அழலும் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காண்டிநேவியப் பூர்வீக வயதானவர்களின் நோய் என்றே பாடம். 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பயாப்ஸிகளை எடுத்து வயது, பாலினக் கணக்கு பார்த்துச் சரிசெய்தபோது கருப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே பெரிய வித்தியாசம் நிற்கவில்லை. தலைவலியோடு வரும் கருத்த பாட்டிக்கு இந்த நோய் வராது என்று நினைத்து ஸ்டீராய்டைத் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும், திரும்பாது.

வெயில் வாதம்

நிறம் நேரடியாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் வெயில் வழியாகத்தான் செய்யவேண்டும். புற ஊதாக் கதிர் தோல் செல்களைக் கொல்கிறது, செத்த செல்லின் மேற்பரப்பில் ரோ போன்ற புரதங்கள் வெளியே வருகின்றன, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஏறுகிறது, லூபஸ் கிளம்புகிறது. இதைத் தடுப்பது மெலனின். 1979-ல் அளந்தபோது கருத்த மேல்தோலின் பாதுகாப்பு சன்ஸ்க்ரீன் கணக்கில் சுமார் 13, வெளுத்த தோலுக்குச் சுமார் 3. அந்தக் கணக்குப்படி வெளுத்தவர்களுக்குத்தான் லூபஸ் அதிகம் வந்திருக்க வேண்டும். நடப்பது எதிர்மாறு. வெயிலைத் தாண்டிய வேறு காரணங்கள் அவ்வளவு பலமாக இருக்கின்றன என்றுதான் அர்த்தம். கருத்தவர்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளும் என்று இதைப் படித்துவிடக் கூடாது, லூபஸ் வந்தபின் எந்த நிறத்துக்கும் சன்ஸ்க்ரீன் வேண்டும். அக்காவிடம் அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.

வைட்டமின் டி வாதம் கொஞ்சம் வலுவானது. கருத்த தோல் அதை மெதுவாகத் தயாரிக்கிறது. 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், தினம் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் தன்னுடல் தாக்கு நோய்கள் 22 சதவீதம் குறைந்தன என்று 2022-ல் வந்தது. ஆனால் அதில் ஆண்களுக்கு வயது 50க்கு மேல், பெண்களுக்கு 55க்கு மேல். 31 வயது லூபஸ் நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. குறைவாக இருந்தால் எலும்புக்காகவாவது கொடுங்கள், நாங்களும் கொடுத்தோம்.

சிகிச்சையும் பிறகு நடந்ததும்

மூன்று நாள் நரம்பு வழியாக மெதில்பிரெட்னிசோலோன், பிறகு பிரெட்னிசோலோன் வாய்வழியாக, படிப்படியாகக் குறைத்தோம். லூபஸின் அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடைக்கு ஏற்றபடி கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள். ரத்த அழுத்தத்துக்கும் புரத இழப்புக்கும் ஏசிஈ தடுப்பான். வலி மாத்திரை உடனே நிறுத்தம், அந்தச் சிறுநீரகத்துக்கு அது தேவையே இல்லாத சுமை.

முக்கிய மருந்தாக, எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோபீனோலேட். 370 பேரிடம் நடந்து 2009-ல் வெளிவந்த ஆய்வில் அதுவும் சைக்ளோபாஸ்பமைடும் மொத்தத்தில் சமம், ஆனால் கருப்பின, லத்தீன் அமெரிக்கப் பூர்வீக நோயாளிகளிடம் மைக்கோபீனோலேட் கூடுதலாக வேலை செய்தது. இதைச் சொல்லித் தேர்ந்தெடுக்கவில்லை, குழந்தை பெறும் வாய்ப்பைக் காப்பாற்றவேண்டும் என்பதே முதல் காரணம். ஆனால் மைக்கோபீனோலேட் எடுக்கும்போது கரு உண்டானால் அதற்குக் கேடு, அதனால் அதுவரை கர்ப்பத்தடை கட்டாயம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

ஆறு மாதத்தில் புரதம் 0.6 கிராம், க்ரியாட்டினின் 0.9, லிம்ஃபோசைட் 1,400. 'இனத்தாருக்கு இயல்பு' என்ற எண்ணிக்கை சிகிச்சைக்குப் பின் ஏறிவிட்டது. கன்னத்துத் தடிப்பும் சூடும் போய் கருமை மட்டும் மிஞ்சியது, மாதக்கணக்கில் இருக்கும். அதை நோய் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொண்டு ஸ்டீராய்டை ஏற்றக்கூடாது. தடவிப் பார்த்துத் தடிப்பு இருந்தால் மட்டும் நோய். காதுத் தழும்பின் வெளுத்த நடுப்பகுதி திரும்பி வராது என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.

இரண்டாம் வருடம் குழந்தை வேண்டும் என்றார். நோய் ஆறு மாதத்துக்கு மேல் அடங்கியிருந்தது. ஆன்டி-ரோ இருப்பதால் குழந்தையின் இதயத் துடிப்புக் கடத்தல் தடைபட சுமார் 2 சதவீத வாய்ப்பு உண்டு என்று விளக்கினோம், அதற்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவும். மைக்கோபீனோலேட்டை நிறுத்தி அசதயோப்ரினுக்கு மாற்ற வேண்டும், கருத்தரிக்கக் குறைந்தது ஆறு வாரம் முன்பே. அசதயோப்ரினுக்கு முன்னால், அந்த மருந்தை உடம்பில் உடைக்கும் டிபிஎம்டி என்ற நொதியைப் பார்ப்போம். அந்த நொதி குறைவாக இருப்பவர்களுக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். ஐரோப்பியரில் பத்தில் ஒருவருக்கு அது நடுத்தரம்தான். அதற்குக் காரணமான மாற்றங்களில் 3ஏ என்ற வகை பெரும்பாலும் ஐரோப்பியப் பூர்வீகத்தோடு வருவது. இவருடைய அறிக்கை வந்தது: ஒரு பிரதி இயல்பு, ஒரு பிரதி 3ஏ. அம்மாவிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அசதயோப்ரினைப் பாதி அளவில் தொடங்கி, முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்த்தோம். தங்கைக்கும் அந்த 3ஏ இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு என்பதால் அவருடைய கோப்பிலும் அதைக் குறித்து வைத்தோம்.